சதைக்கு ஊற்றிய தண்ணீர்

நான்கே துண்டுதான். ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதற்குள் தண்ணீர்போலத் தெரிந்த மருந்தின் அடியில் அவை கிடந்தன. பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘சின்னபொண்ணு, 49’ என்று பேனாவால் எழுதியிருந்தது.

“நீயே விழுப்புரம் கொண்டுபோயி லேப்ல குடுத்துடும்மா,” என்றார் திண்டிவனத்து டாக்டர். “கூரியர்ல போட்டா லேட் ஆவும். படிச்ச பொண்ணுதான நீ?”

அன்புச்செல்வி தலையாட்டினாள். எதற்கும் அவள் தலையாட்டித்தான் பதில் சொல்வாள். பி.எஸ்சி. விலங்கியலில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே முதல் வகுப்பில் தேறியவள். இப்போது பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் வாய்க்கு வேலை கிடையாது. எத்தனை காப்பி என்று விரலைக் காட்டினால் போதும்.

வெளியே அம்மா பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

மயிலத்துக்குக் கிழக்கே இருக்கிற அவர்கள் ஊரில் மார்கழி மாதம் நர்ஸுகள் வந்து முகாம் போட்டார்கள். முப்பது வயது தாண்டிய பெண்களைப் பள்ளிக்கூடத்து அறையில் ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, கருப்பையின் வாயில் காடிபோலப் புளித்த வாடை அடிக்கும் ஒரு மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். நல்ல சதையாக இருந்தால் நிறம் மாறாது. சந்தேகமான இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகிவிடும். ஊரில் இரண்டு பேருக்கு வெள்ளையானது. ஒருத்தி சின்னபொண்ணு, இன்னொருத்தி அடுத்த வீட்டுக் காந்திமதி, அப்பாவுக்குத் தங்கை முறை. பயப்படாதீர்கள், வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று ஆகிவிடாது, கொஞ்சம் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினால்தான் எதுவும் தெரியும், முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நர்ஸு சொல்லிவிட்டுப் போனாள்.

“முண்டியம்பாக்கமா? அங்க டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க பத்து பேரு சுத்தி நின்னுக்கினு பாக்கும். என்னால ஆவாது,” என்றாள் சின்னபொண்ணு. அதனால்தான் திண்டிவனத்தில் இந்தத் தனியார் கிளினிக். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. “ஆம்பளைங்ககிட்ட சொல்ற சங்கதியாடி இது?”

“வலிச்சிதாம்மா?” என்று பெஞ்சின் அருகில் குனிந்து கேட்டாள் அன்புச்செல்வி.

“கட்டெறும்பு கடிச்சா மாதிரி இருந்திச்சி. நாலு எறும்பு.” சின்னபொண்ணு பாட்டிலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ ஜல்தி போ. நான் மயிலம் பஸ்ஸப் புடிச்சிப் போயிக்கிறேன்.”

பாட்டிலைப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். சனிக்கிழமை, நல்ல கூட்டம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது கண் எரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்புச்செல்வி பையைத் தொட்டுப் பார்த்தாள். அடி நனைந்திருந்தது. பாட்டில் மூடி புரியில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். காலேஜில் கண்ணாடி அலமாரி நிறைய ஜாடிகள் இருந்தன. சாரைப்பாம்பு, சுறாக்குட்டி, இரண்டு தலை ஆட்டுக்குட்டி, எல்லாம் ஃபார்மலினில் வருஷக்கணக்காக அப்படியே இருந்தன.

“இன்னாம்மா அது? ஆசிடா?” கண்டக்டர் தலைகளைத் தாண்டிக் கத்தினார்.

“கொழந்தைக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது, பாருங்க சார்,” என்றது பின் சீட்டு.

எங்கம்மாவுக்கு டெஸ்ட்டு, கருப்பை வாயில எடுத்த சதை என்று அவளுக்குள் சொற்கள் வரிசையாக நின்றன. நாற்பது பேர் பார்க்கிறார்கள். படிக்கட்டில் காலேஜ் பையன்கள் தொங்குகிறார்கள். அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை.

“கேக்கறேன்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“மருந்து,” என்றாள்.

“மருந்தோ மண்ணோ, ஒண்ணு அதக் கொட்டு, இல்ல டோல்ல எறங்கிக்க. ஒரு ஆளுக்காக வண்டியே பேஜாராப் பூடும்போலக்குது.”

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, விரலால் அணை போட்டபடி மருந்தை வடித்தாள். நான்கு துண்டுகளும் உள் சுவரில் ஒட்டிக்கொண்டன. ஓர் ஓரம் சிவந்தும் மற்றது வெளிறியும் இருந்தன. வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தது. காய்ந்துபோய்விடுமே என்று இருந்தது. என்ன இருந்தாலும் அம்மாவின் சதை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு ஊற்றினாள். துண்டுகள் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி அடியில் இறங்கின. மூடியை இறுக்கித் திருகினாள். அந்த நிமிஷம் மனசுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

முண்டியம்பாக்கம் நிறுத்தத்தில்தான் காலேஜ் லேப் அட்டெண்டர் விருத்தாசலத்தின் ஞாபகம் வந்தது. ஜூன் மாதம் ஜாடிகளுக்கு மருந்து நிரப்பும்போது சொல்வார், “இதுல மட்டும் பச்சத் தண்ணி ஊத்தினா மீனு ஒரே நாள்ல கொழம்பாயிடும்மா. சோறு ஒண்ணுதான் பாக்கி.” வகுப்பே சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள்.

இன்னும் அரை மணி நேரத்தில் லேப் வந்துவிடும், நடந்ததைச் சொன்னால் அவர்களே மருந்தை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று விழுப்புரம் வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

லேப் கவுண்டரில் அவள் வயசு ஆள் ஒருவன் இருந்தான். சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தான். “கருப்பை வாய் பயாப்ஸி. நாலு பீஸ்.” ரத்தம் கொடுக்கக் காத்திருந்த ஆண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

“ஃபார்மலின்லதான இருக்குது?” கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

அவள் தலையாட்டினாள்.

“டாக்டர் திங்கக்கெழமதான் வருவாரு. ரிசல்ட்டு வாட்ஸப்ல வரும்.”

திங்கட்கிழமை என்றதும் அவள் நின்றாள். இப்போதாவது சொல்லலாம். பின்னால் இருந்தவர் முழங்கையால் லேசாக நகர்த்தி முன்னே வந்தார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

ரிசல்ட் அடுத்த வியாழக்கிழமை வந்தது. ஜெராக்ஸ் கடையில் வைத்தே பிரிண்ட் போட்டாள். ஆங்கிலத்தில் மூன்று வரிதான். சதை முழுவதும் சிதைந்திருக்கிறது, செல்களின் உருவம் தெரியவில்லை. எந்த முடிவும் சொல்ல இயலாது. மறுபடி எடுத்து அனுப்பவும்.

அந்த வாரம் முழுக்க அவள் போனில் படித்துக்கொண்டிருந்தாள். வெறும் புண் என்று வந்தால் மருந்து மாத்திரையோடு போய்விடும். புற்றுக்கு முந்தின நிலை என்று வந்தால் அதில் மூன்று படி உண்டு. முதல் படி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டும் மூன்றும் என்றால் சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கும் மேலே போனால்தான் புற்று. அம்மா எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நான்கு துண்டும். கையில் இருந்த தாள் எந்தப் படியையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சின்னபொண்ணு நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தாள். முந்தின நாள் மாசி அமாவாசை. காந்திமதியோடு மேல்மலையனூர் போய் அங்காளம்மனைப் பார்த்துவிட்டுக் காலையில்தான் திரும்பியிருந்தாள். நோய் தீரத் தின்னச் சொல்லி அங்கே கொடுக்கும் புற்று மண் பொட்டலம் மாடத்தில் இருந்தது.

“இன்னாடி போட்டிருக்கான்?”

“சதை கெட்டுப்போச்சாம்மா. நோய் இருக்குதா இல்லையான்னே பாக்க முடியலயாம். மறுபடி எடுக்கணுமாம்.”

“கெட்டுப்போச்சா? எப்டி?”

“லேப்ல… அவங்க பாக்கறதுக்குள்ள.”

சின்னபொண்ணு மாடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் கட்டியது.

“நேத்துதாண்டி கேட்டேன். ஆத்தா, என் உடம்புல இன்னா இருந்தாலும் நீயே தின்னு சாம்பலாக்கிடுன்னு. சுடுகாட்டுச் சாம்பலப் பூசிக்கினு நிக்கறவ இல்லியா அவ? தின்னுட்டாடி! அவன் கைக்கு ஒண்ணுத்தையும் வுட்டு வைக்கல பாரு!”

அன்புச்செல்வி வாயைத் திறந்தாள். மார்கழியிலிருந்து சிரிக்காத முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் காந்திமதி ஈரக் கையோடு ஓடி வந்தாள். “இன்னா அண்ணி, வந்திச்சா?”

“வந்திச்சி. ஆத்தாவே தொடச்சிட்டா.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் காந்திமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அப்ப நானும் டெஸ்ட்டுக்குப் போவத் தேவயில்லியா அண்ணி? உன்கூடத்தான நானும் மண்ணு துன்னேன்?”

“அவ பாத்துக்குவாடி. ஒருத்திய வுட்டுட்டு ஒருத்திக்கா செய்வா?”

அந்த வாரத்துக்குள் நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை ஆயப் போகிற பெண்கள் அத்தனை பேருக்கும் கதை தெரிந்துவிட்டது.

திண்டிவனத்து கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இரண்டு தடவையும் அன்புச்செல்வி வாசலுக்குப் போய், வர்றோம் மேடம் என்றாள். உள்ளே வந்து, “மறுபடி ஒரு தடவ எடுத்துக்கலாம்மா,” என்று சொல்லிப் பார்த்தாள்.

“காலத் தூக்கிக்கினு ஒரு தடவ கெடந்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும். அவ துன்னதுக்கு அப்பறம் நான் போயி மறுபடி கிள்ளிக்கினு நின்னா, என்ன நம்பலயாடின்னு கேக்க மாட்டாளா?”

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஆத்தாவும் போய்விடுவாள், மகளும் போய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. பங்குனி உத்திரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள். பங்குனியில் அறுப்பு. அம்மா காலையில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் போய், சாயந்திரம் மடி நிறைய மல்லாட்டையோடு வருவாள். வேகவைத்து வாசலில் கொட்டிக்கொண்டு, கங்காணியைப்போல் நடந்து காட்டிச் சிரிக்க வைப்பாள். படுத்ததும் தூங்கினாள். நன்றாகத் தூங்குகிறவளை எழுப்பி எப்படிச் சொல்வது? சித்திரையில் அப்பா வந்திருந்தார். வைகாசியில் அம்மாவுக்கு இடுப்பு வலி. நாள் முழுக்கக் குந்தி வேலை செய்தால் வராதா என்றாள் அம்மா. அன்புச்செல்வியும் அதை நம்பப் பார்த்தாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அம்மா தனியாகப் பாவாடை அலசுவதைப் பார்த்தாள். நல்ல வெயில். கல்லில் வழிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. சின்னபொண்ணுக்குத் தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

“எத்தினி நாளாம்மா?”

“சூடு பட்டிருக்கும். போ அந்தாண்ட.”

“எத்தினி நாளா?”

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். மகள் அப்படிச் சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. “இருபது நாளு இருக்கும். வுட்டு வுட்டுப் படுது.”

“மண்ணு துன்னதாலதான் சரியாவும்னு இருக்கிறியா?”

“அவதான் அன்னிக்கே…”

“அங்காளம்மா ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்.”

நின்றபடியே சொன்னாள். மூடி ஒழுகினது, கண்டக்டர் கத்தினது, ஜன்னலில் கொட்டினது, ஒரு மிடறு தண்ணீர் ஊற்றினது. லேப்காரன் கேட்டபோது தலையாட்டினதையும் சொன்னாள். நான்கு மாதமாகத் தொண்டையில் நின்றது குழாய்த் தண்ணீர்போல் கொட்டியது. இப்படிக்கூடத் தன்னால் பேச முடியுமா என்றிருந்தது, தன் குரலே வேறெங்கிருந்தோ கேட்பதுபோல் இருந்தது.

சின்னபொண்ணு குழாயை மூடினாள். பாவாடையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

“தண்ணி ஊத்தினா கெட்டுப்பூடும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“மூணு வருஷம் அதத்தானடி படிச்ச?”

அதற்குமேல் அவள் அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. சோறு ஆக்கினாள், போட்டாள், தனியாக உட்கார்ந்து தின்றாள். மாடத்தில் இருந்த பொட்டலத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அங்கேயே வைத்தாள். அடித்திருந்தால்கூட அன்புச்செல்விக்குத் தேவலாம்போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் சின்னபொண்ணு தலைவாரி, நல்ல புடவை கட்டி, மஞ்சள் பையில் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“கெளம்பு.”

“எங்கம்மா?”

“முண்டியம்பாக்கம். பத்து பேரு பாக்கட்டும், இருபது பேரு பாக்கட்டும்.”

ஏழு பேர்தான் இருந்தார்கள். ஐந்து பெண்கள், இரண்டு பையன்கள். திரைக்கு உள்ளே இந்தத் தடவை அன்புச்செல்வி நின்றாள், அம்மாவின் தலைமாட்டில். பெரிய டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துக் குனிந்தார். ஒவ்வொன்றையும் செய்யும் முன்னால் சொன்னார். “இப்ப மருந்து தடவறேம்மா, ஜில்லுன்னு இருக்கும். இப்ப கிள்ளப் போறேன், மூச்ச நல்லா வுடுங்க.” சின்னபொண்ணு மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுக்கி மூடும் ‘டிக்’ சத்தம் நான்கு தடவை கேட்டது. ஒவ்வொரு தடவையும் மகளின் மணிக்கட்டில் நகம் இறங்கியது. ஐந்தாம் முறை சத்தம் கேட்காமலே நகம் இறங்கியது.

“அவ்ளோதான். முடிஞ்சிச்சி. ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் ரத்தம் படும், பயப்படாதீங்க.” ரத்தம் கசிந்த இடத்தில் கடுகு நிற மருந்தை ஒற்றிவிட்டு, டாக்டரம்மா துண்டுகளைப் பாட்டிலில் போட்டு மூடினார். “கூட வந்தது யாரு? பொண்ணா? இத மாடியில பேத்தாலஜில குடுத்துட்டு வந்துடும்மா.”

அன்புச்செல்வி கையை நீட்டினாள்.

படுத்திருந்த சின்னபொண்ணு தலையை மட்டும் தூக்கினாள். “வழியில தண்ணி கிண்ணி ஊத்தி வச்சிடப் போறா, யாராச்சும் கூடப் போங்கம்மா.”

மாணவப் பெண்ணொருத்தி என்னவென்று புரியாமல் சிரித்தாள். மூன்று நாளில் அம்மா மகளைப்பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அன்புச்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாடிப்படியில் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினாள். கவுண்டரில் வயசான ஒருவர் இருந்தார். வரிசையில் ஆண்களும் இருந்தார்கள்.

“கருப்பை வாய்ச் சதை,” என்றாள். “நாலு துண்டு. ஃபார்மலின் முழுசா இருக்குது. மூடி இறுக்கமா இருக்குது. நல்லாப் பாத்துக்குங்க.”

“பாக்கறேம்மா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, எதுக்குக் கத்தற?” என்றார் அவர்.

பத்து நாள் கழித்துப் போனார்கள். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு மறுபடியும் சின்னபொண்ணை உள்ளே கூட்டிப் போய்ப் பரிசோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவினார், துடைத்தார், நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி நகர்ந்ததிலேயே அன்புச்செல்விக்குத் தெரிந்துவிட்டது.

“கேன்சர்தாம்மா. கருப்பை வாயோட நிக்கல, பக்கத்துச் சதைக்கும் கொஞ்சம் போயிருக்குது. அதனால ஆப்பரேஷன் வேணாம். கரண்ட் வைக்கணும், அதான் கதிர்வீச்சு. கூடவே வாரத்துக்கு ஒரு தடவ மருந்து ஏத்துவாங்க. பாண்டிச்சேரிக்கு எழுதித் தர்றேன். நடுவுல நிறுத்தாம முழுசா முடிச்சீங்கன்னா நல்லா ஆவறதுக்கு வழி இருக்குது. நிறைய பேரு நல்லா இருக்காங்க.”

சின்னபொண்ணு தலையாட்டினாள். மகளைப்போலவே.

அன்புச்செல்வி பையிலிருந்து பழைய தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. “நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது மேடம். இது கெடாம இருந்திருந்தா… அப்ப எந்தப் படியில இருந்திருக்கும்?”

டாக்டரம்மா படித்தார். திருப்பிப் பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லியேம்மா.”

“குத்துமதிப்பாச் சொன்னாக்கூடப் போதும் மேடம்.”

“நாலு மாசத்துல புதுசா வந்து இவ்ளோ தூரம் வளராது. அப்பவே இருந்திருக்கும். ஆனா எவ்ளோ இருந்திச்சி, வெட்டி எடுத்திருக்க முடியுமான்னு…” அவர் பொய் சொல்லத் தெரியாதவராக இருந்தார். “முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் இருந்திருக்கலாம். அதச் சொல்ல இனிமே யாராலயும் முடியாது.”

“அந்தத் தாளக் கிழிச்சிக் குப்பையில போட்டுடுங்கம்மா,” என்றாள் சின்னபொண்ணு. “தெனம் எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருக்குது இந்தப் புள்ள.”

ஃபைலில் இருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டரம்மா அதைப் புதிய தாளுக்கு அடியில் வைத்துக் கட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அன்புச்செல்வி ஜன்னல் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

“தாகமா இருக்குது,” என்றாள் சின்னபொண்ணு.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அண்ணாந்து இரண்டு மிடறு குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“வர்ற அமாவாசைக்கு மலையனூரு போவணும்.”

அன்புச்செல்வி பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள்.

“வேண்டிக்க இல்லடி. அவ செய்யாத வேலயச் செஞ்சான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். அவ தலயில பழியப் போட்டுட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டு வரணும்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். லாரிகள் வரிசையாக நின்றன. “நாலு மாசம் நல்லாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்த யாரு குடுத்தான்னுதான் தெரியல. நீ குடுத்தியா, அவ குடுத்தாளா.”

கேள்வியா திட்டா என்று அன்புச்செல்விக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள். முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. “உங்கப்பாவுக்கு நைட்டு நானே போன்ல சொல்லிக்கிறேன்,” என்றாள் அம்மா.

ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி நான்கு. காந்திமதி தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தாள். சின்னபொண்ணின் முகத்தைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

“இன்னா அண்ணி சொன்னாங்க?”

“அதேதான். இருக்குதாம். கரண்ட் வைக்கணுமாம்.”

“ஐயோ, ஆத்தா…” காந்திமதியின் கை தானாக இடுப்புக்குப் போனது. புடவைச் செருகலில் மலையனூர் மண் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்று தெரிந்தது. “அன்னிக்கு அவ அழிச்சிட்டான்னு சொன்னியே அண்ணி?”

சின்னபொண்ணு மகளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

பின்னால் டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கின இரண்டு பேரும் நின்று கவனித்தார்கள். அன்புச்செல்விக்குக் காது மடல் சுட்டது.

“அவ அழிக்கல அத்த,” என்றாள். “பாட்டில்ல நான் தண்ணி ஊத்திட்டேன். அதான் கெட்டுப்போச்சி. ஊத்தக்கூடாதுன்னு படிச்சிருந்தும் ஊத்தினேன். லேப்ல கேட்டப்பயும் சொல்லல. அப்பவே சொல்லியிருந்தா அம்மாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். நீயும் போயிருப்ப.”

காந்திமதி அவளையே பார்த்தாள். பிறகு சின்னபொண்ணைப் பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று அன்புச்செல்வி காத்திருந்தாள். காந்திமதி திட்டவில்லை.

“எனக்கும் வெள்ளையாத்தான இருக்குதுன்னு சொன்னா அந்த நர்ஸு?” என்று மெதுவாகக் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பொட்டலத்தின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.